கண்டக்டர் இல்லாமல் போன வண்டி

பஸ்ஸின் முன்கண்ணாடி உடைந்தால் வீட்டுச் சன்னல் கண்ணாடியைப் போல நீளச் சில்லாகப் பிளக்காது. கல்லுப்பு மூட்டையைக் கவிழ்த்தது போலப் பொலபொலவென்று உதிரும். அதை நான் முதலில் பார்த்தது எந்தச் சாலையிலும் அல்ல, எங்கள் வீட்டுக் கிணற்றடியில் கிடந்த 'அலக்கு' கல்லின் கீழே. அப்பாவின் காக்கிச் சட்டையைத் துவைக்கும் முன் அம்மா அதன் பைகளை வெளியே இழுத்து உதறுவாள். இளம்பச்சை நிறத்தில், ஓரம் மழுங்கிய மணிகள் கல்லின் மேல் விழுந்து துள்ளும். கோழி கொத்திவிடும் என்பதால் அவற்றைப் பெருக்கி அள்ளுவது என் வேலை. ஒருமுறை அந்த மணிகளில் சில சிவப்பாக இருந்தன. அம்மா சட்டையைத் தண்ணீரில் முக்கினாள்.

பஸ்ஸின் மேல் கல் விழுந்த அந்தக் காலம் எப்போது தொடங்கியது என்பதைப் பின்னாளில் பலரிடமும் கேட்டுச் சரிபார்த்திருக்கிறேன். ஆண்டைப் பற்றி எனக்கும் அப்பாவுக்கும் இன்றுவரை தர்க்கம் உண்டு. தொண்ணூறுகளின் நடுப்பகுதி என்பதோடு இருவரும் நிறுத்திக்கொள்வோம். மாதத்தைப் பற்றித் தர்க்கம் இல்லை. நான் ஏழாம் வகுப்பில் இருந்தேன். ஓணப் பரீட்சைத் தாள்கள் திரும்பி வந்துவிட்டன. கிறிஸ்துமஸ் பரீட்சைக்கு இன்னும் நாள் கிடந்தது. துலாவர்ஷம் என்ற ஐப்பசி மழை பிடித்திருந்தது, தினமும் மதியத்துக்கு மேல் இடியும் மழையும். முக்கியமான நிகழ்வு நடந்தது ஒரு வியாழக்கிழமை. அன்று எங்கள் வகுப்புக்குத் தையல் பாடம் இருந்தது, தையல் பாடம் வியாழக்கிழமை மட்டும்தான்.

திருவனந்தபுரத்திலிருந்து தெற்கே வரும் அரசு பஸ்கள் தேசியப் பாதையில் ஒன்றின் பின் ஒன்றாக வந்துகொண்டே இருக்கும். நெய்யாற்றின்கரை, உதியன்குளங்கரை, பாறசாலை, அதற்கப்பால் களியக்காவிளையில் எல்லை. எல்லைக்கு அந்தப் பக்கம் வேறு நிறப் பஸ், வேறு எழுத்துப் பலகை. பெரிய சாலையில் நிற்பவனுக்கு ஒரு பஸ் போனால் இன்னொன்று. ஆனால் சாலையை விட்டு உள்ளே போகும் ஊர்களுக்கு ஒரே ஒரு வண்டிதான் கதி. நெய்யாற்றின்கரையிலிருந்து தனுவச்சபுரம் சுற்றி, உதியன்குளங்கரையில் பெரிய சாலையைக் குறுக்காகக் கடந்து, பொழியூர் கடற்கரையில் போய்த் திரும்பும் வண்டி அப்படிப்பட்டது. தும்பிக்கையைத் தூக்கி நிற்கும் இரண்டு யானைகள் பக்கத் தகட்டில் வரையப்பட்டிருந்ததால் எல்லோரும் அதை 'ஆனவண்டி' என்றார்கள். அதன் டிரைவர் என் அப்பா, சுகுமாரன். கண்டக்டர் பொழியூர்க்காரர் கிறிஸ்துதாசன். எனக்குத் தாசன் மாமன். இருவரும் நெடுங்காலமாக அதே வண்டியில் ஜோடி.

அந்த வழியில் அப்போது 'ட்ரெக்கர்' வந்தது. ஜீப்பைப் போல முகமும், பின்னால் எதிரெதிராக இரண்டு பலகையும் கொண்ட வண்டி. உள்ளே ஆட்கள் ஒருவர் மடியில் ஒருவர், பின்புறக் கம்பியில் நான்கைந்து பேர், சிலசமயம் முன்மூடியின் மேலேயும் ஒருவர். பர்மிட் கிடையாது. ஆனவண்டியின் நேரத்தைக் கணக்குப் பார்த்து, அதற்குச் சற்று முன்னால் ஓடி, ஒவ்வொரு நிறுத்தத்திலும் நிற்கிறவர்களை வாரிக்கொண்டு போவதுதான் அதன் தொழில். எங்களைப் போன்ற பள்ளிப் பிள்ளைகளை மட்டும் அது ஏற்றாது; எங்களிடம் இருந்தது 'கன்செஷன்' அட்டை. கையில் அட்டையைப் பார்த்தாலே ட்ரெக்கரின் 'கிளி', அதாவது பின்னால் தொங்கிக்கொண்டு ஆள் பிடிக்கும் பையன், "போ போ, ஆன வருவு" என்று கம்பியைத் தட்டுவான்.

அந்த ட்ரெக்கர்காரர்களில் பெரிய கை மணியன். தோள் அகன்ற, எப்போதும் வெற்றிலைச் சிவப்பு உதட்டில் இருக்கும் ஆள். முதலில் இதெல்லாம் வாய்ச்சண்டையாகத்தான் இருந்தது. நிறுத்தத்தில் இரண்டு வண்டியும் ஒன்றாக நிற்க நேர்ந்தால் மணியன் தலையை வெளியே நீட்டுவான்.

"எலே தாசா, ஆனைக்குத் தீவனம் போட்டாச்சா? ஆளையெல்லாம் நான் ஏத்திட்டேன். நீ காத்தை ஏத்திட்டு வா."

தாசன் மாமன் படியில் நின்றபடியே பதில் சொல்வார். "எனக்க வண்டியில காத்தும் இருந்துதாம்லே போவும். ஒனக்க வண்டியில மனுசன் வவ்வால் மாதிரியில்லா தொங்குயான்."

பஸ்ஸில் இருப்பவர்கள் சிரிப்பார்கள்; ட்ரெக்கரில் தொங்குகிறவர்களும் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு நின்றது எந்த நாள் என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஒரு காலை எங்கள் வண்டியின் பின்சக்கரங்களை யாரோ குத்திக் கிழித்திருந்தார்கள். மறுவாரம் ஒரு ட்ரெக்கரின் முகவிளக்குகள் நொறுங்கிக் கிடந்தன. அதைச் செய்தது டிப்போ ஆட்கள் என்று பேச்சு. பிறகு வளைவுகளில் கல் வரத் தொடங்கியது. செங்கல் துண்டு, சரளைக்கல், ஒருமுறை ஆட்டுக்கல் குழவி. உதியன்குளங்கரைச் சந்தைக்குப் போன ஒரு கிழவரின் காது பாதி கிழிந்து தொங்கியதை நான் பின்சீட்டிலிருந்து பார்த்தேன். அவர் அதைக் கையால் பொத்திக்கொண்டு, யாரையும் திட்டாமல், "ஆசுவத்திரி ஸ்டாப்பில இறக்கிவிடு மக்கா" என்று மட்டும் சொன்னார். அப்பா தலையில் துண்டை இறுக்கிக் கட்டி, கண்ணாடி இல்லாத முகப்பில் மழையை முகத்தில் வாங்கிக்கொண்டு ஓட்டினார்.

இந்த இடத்தில் பஸ் மணியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இன்று பஸ் ஏறுகிற பிள்ளைகளுக்கு அது தெரியாது. வண்டியின் பின்கோடியிலிருந்து கூரையை ஒட்டி, வளையங்களுக்குள் நுழைந்து, டிரைவரின் தலைக்கு மேலிருக்கும் மணிவரை ஒரு கயிறு போகும். ஒரு இழுப்பு என்றால் நிறுத்து. இரண்டு என்றால் எடு. அப்பா அதை இப்படிச் சொல்வார்: "எனக்கு முன்ன உள்ள ரோடு எனக்கு. பின்ன உள்ளது எல்லாம் தாசனுக்கு. அங்க ஆரு ஏறினான், ஆரு விழுந்தாண்ணு எனக்குத் தெரியண்டாம்." இரட்டை மணி கேட்டால் டிரைவர் திரும்பிப் பார்ப்பதில்லை, வண்டியை எடுத்துவிடுவான். அதே நேரம், ஒவ்வொரு கண்டக்டரின் கையும் வேறு. சிலர் கயிற்றை வெட்டி இழுப்பார்கள், சிலர் தொங்குவார்கள். அப்பா பயணியாக உட்கார்ந்திருக்கும்போதுகூட, மணி அடித்ததும் கண்ணைத் திறக்காமலே, "இது நெய்யாற்றின்கரைக்காரன்" என்பார். தாசன் மாமனின் இரட்டை மணி ஒரு மணியும் அதன் எதிரொலியும் போல அவ்வளவு நெருக்கமாக விழும். எனக்கே அது தெரியும்.

துலாவர்ஷம் நன்றாகப் பிடித்த வாரத்தில் வாகனச் சோதனைக்காரர்கள் மணியனின் ட்ரெக்கரைப் பிடித்தார்கள். வண்டி போலீஸ் ஸ்டேஷன் வளாகத்தில் சேறு அப்பிக் கிடந்தது. பிடித்துக் கொடுத்தது தாசன்தான் என்று மணியன் நம்பினான். உண்மையில் யார் சொன்னது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. விசாரித்தவர்கள் எல்லோரும் வேறு வேறு பெயர் சொன்னார்கள். வண்டியை மீட்டுக்கொண்டு வந்த மறுநாள்தான் அந்த வியாழக்கிழமை.

தனுவச்சபுரத்துக்கும் உதியன்குளங்கரைக்கும் நடுவே செம்மண்விளை முக்கு என்று ஒரு சந்தி. ஒரு சாயக்கடை, ஒரு சைக்கிள் கடை, ரப்பர்த் தோட்டத்தின் வேலி. பள்ளி விட்டு நாங்கள் ஏறிய வண்டி அங்கே வந்தபோது மழை சற்று வெறித்திருந்தது. வண்டி நிறையப் பிள்ளைகள். முன்பக்கம் சந்தையில் மீன் விற்று முடித்துக் காலி அலுமினிய 'சருவ'த்தோடு திரும்பும் பொழியூர்ப் பெண்கள் சிலர். அவர்களில் என் அருகே நின்றவர் பிலோமினா அக்கா, தாசன் மாமனின் அயல்வீட்டுக்காரி. சாலையில் மணியனின் ட்ரெக்கர் சரிந்து நின்றது. அதற்கும் ஓடைக்கும் நடுவே ஒரு வண்டி நுழையலாம் போலவும் நுழைய முடியாது போலவும் ஓர் இடைவெளி. அப்பா நிறுத்தினார்.

இனி எழுதுவது நான் கண்ணால் பார்த்தது. கேட்டதை இதில் சேர்க்கவில்லை. பின்கதவை வெளியிலிருந்து திறந்தார்கள். "இறங்குலே ஒற்றுக்காரா" என்று மணியனின் குரல். தாசன் மாமன், "பிள்ளைய உண்டு மணியா, சங்கதி நாளைக்குப் பேசலாம்" என்றார். அதற்குள் அவர் காலைப் பிடித்து இழுத்தார்கள். படியில் அவர் முதுகு ஒவ்வொரு தட்டாக இடிபட்டு இறங்கிய சத்தம் கேட்டது. அவர் கையிலிருந்த டிக்கற்று 'ராக்கு', சீட்டுக் கட்டுகள் செருகிய கனத்த பலகை, மணியனின் கைக்குப் போனது. அதன் ஓரத்தால்தான் அடித்தான். முதல் அடி வாயில். சீட்டுகள் கட்டவிழ்ந்து மழைத் தண்ணீரில் சிதறின. இரண்டாவது அடிக்குத் தாசன் மாமன் கையைக் குறுக்கே கொடுத்தார். பச்சைக் கமுகுப் பட்டை ஒடிவது போல ஒரு சத்தம். பிறகு எத்தனை கால், எத்தனை கை என்று தெரியவில்லை. பிள்ளைகள் சன்னலை விட்டு நடுவழியில் குவிந்து அலறினார்கள். பக்கத்துச் சன்னலில் கல் விழுந்து எங்கள் தலையில் கண்ணாடி கொட்டியது.

அப்போது மண்ணெண்ணெய் வாடை வந்தது. சைக்கிள் கடைப் பக்கமிருந்து ஒருவன் தகரக் குப்பியோடு வந்து முன்படியில் கவிழ்த்தான். மீன்காரப் பெண்களின் காலில் அது பட்டது. பிலோமினா அக்கா, "எனக்க ஏசுவே, கொளுத்தப் போறானுவ" என்றார். தன் சருவத்தைக் கீழே போட்டுவிட்டு, என் தோளில் ஒரு கையை ஊன்றி எம்பி, கூரைக் கயிற்றைப் பிடித்து இழுத்தார். ஒன்று. கொஞ்சம் இடைவெளி. மறுபடி ஒன்று. தாசன் மாமனின் மணியைப் போல அது துளியும் இல்லை. கிணற்றில் வாளி இழுப்பது போலிருந்தது.

வண்டி நகர்ந்தது. ட்ரெக்கரின் பக்கத்தை உரசி, ஓடைக்குள் ஒரு சக்கரம் இறங்கி ஏறி, உறுமிக்கொண்டு போனது. அப்பா உதியன்குளங்கரை வரை நிறுத்தவில்லை. சந்தியில் எங்களை இறக்கிவிட்டு, நாலைந்து பேரை ஒரு லாரியில் ஏற்றிக்கொண்டு திரும்பிப் போனார். முக்கில் அப்போது யாருமில்லையாம். சாயக்கடை அடைத்துக் கிடந்ததாம். தாசன் மாமன் ஓடையோரம் ஒருக்களித்துக் கிடந்தார். நனைந்த சீட்டுகள் அவர்மேல் ஒட்டியிருந்தன என்று அப்பா அம்மாவிடம் சொல்வதைக் கேட்டேன்.

தாடை எலும்பு, இடது முன்கை, மூன்று விலா. அரசு ஆஸ்பத்திரியில் தாடையைக் கம்பி போட்டுக் கட்டினார்கள். பேச முடியாது. பொழியூரிலிருந்து அவர் தம்பிமார் வந்து வராந்தாவில் நின்றார்கள், அப்பாவைப் பார்த்ததும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

ஏனென்றால் அதற்குள் ஒரு கேள்வி எல்லோர் வாயிலும் வந்துவிட்டது. கண்டக்டர் தரையில் அடி வாங்கிக்கொண்டிருந்தான். அப்படியானால் மணி யார் கொடுத்தது? மணி இல்லாமல் டிரைவர் எப்படி எடுத்தான்? கண்டக்டரை விட்டுவிட்டு வண்டியை எடுப்பது டிப்போ சட்டத்தில் பெரிய குற்றம். ஆட்களின் கணக்கில் அதைவிடப் பெரியது. அப்பாவை 'சஸ்பெண்ட்' செய்தார்கள். டிப்போ சாயக்கடையில் அவர் உட்கார்ந்த பெஞ்சிலிருந்து மற்றவர்கள் எழுந்து போனார்கள். யாரோ 'ஓட்டம் சுகுமாரன்' என்று ஒரு பெயர் வைத்தார்கள். அது டிப்போவிலிருந்து எங்கள் பள்ளிக்கு வர ஒரு வாரம்கூட ஆகவில்லை. "இரட்டை மணி கேட்டேன்" என்று அப்பா எல்லோரிடமும் சொன்னார். யாரும் நம்பவில்லை. வண்டியில் இருந்த பெரியவர்கள் எதையும் பார்க்கவில்லை என்றார்கள். பிள்ளைகளான எங்களை யாரும் கேட்கவில்லை. பிலோமினா அக்கா வாய் திறந்தால் தாசனின் தம்பிமார் அவரைக் கடற்கரையில் குடியிருக்க விடமாட்டார்கள் என்பது அம்மாவுக்கும் தெரியும், எனக்கும் புரிந்திருந்தது.

ஒரு சாயங்காலம், சமையல்கட்டில் அம்மா மரச்சீனிக் கிழங்கின் தோலை உரித்துக்கொண்டிருந்தாள். அப்பா படியில் உட்கார்ந்திருந்தார். நான் உள்ளே பாடம் எழுதிக்கொண்டிருந்தேன்.

"மணி கேட்டதுக்கு எடுத்தீங்க. அதில என்ன குற்றம் உண்டு?" என்றாள் அம்மா.

"அது தாசனுக்க கை இல்ல."

அம்மாவின் கத்தி நின்றது.

"கேட்டப்பமே தெரிஞ்சுது. இது தாசன் இல்லண்ணு. தெரிஞ்சுதான் எடுத்தேன்."

"பிள்ளைய இருந்துதே வண்டியில. நம்ம பிள்ளையும் இருந்துது."

"இருந்துது," என்றார் அப்பா. எழுந்து, அம்மாவுக்கு முன்னாலிருந்த முறத்தைக் காலால் எற்றினார். மரச்சீனித் துண்டுகள் முற்றமெல்லாம் உருண்டன. அதுவரை அப்பா வீட்டில் ஒரு பொருளையும் எற்றி நான் பார்த்ததில்லை.

அந்த வழியில் வண்டியை நிறுத்திவிட்டார்கள். நாங்கள் தனுவச்சபுரத்துப் பள்ளியிலிருந்து நடந்து வந்தோம். அப்படி நடந்து வந்த ஒரு மாலை, செம்மண்விளை முக்கில் ஆட்கள் வட்டமாக நிற்பதைப் பார்த்தோம். வட்டத்துக்குள் அப்பா. கையில் ஜாக்கி 'லிவர்', முழங்கை நீள இரும்புக் கம்பி. மணியனின் ட்ரெக்கரை அவர் நிதானமாக உடைத்துக்கொண்டிருந்தார்: முதலில் முன்கண்ணாடி, பிறகு இரண்டு முகவிளக்கு, பிறகு பக்கத் தகடு. மணியன் சாயக்கடைக்குள்ளிருந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்தான். அப்பா அவன் தலையைக் குறிவைத்துத்தான் வீசினார். அவன் கையைத் தூக்கினான். கம்பி மணிக்கட்டில் இறங்கியது. மணியன் தன் கையைப் பார்த்தான். அது அவன் சொன்னபடி கேட்கவில்லை. மணிக்கட்டுக்குக் கீழே துணி போலத் தொங்கியது. அப்பா மறுபடி ஓங்கினார். இரண்டு பேர் அவர் இடுப்பைப் பிடித்து இழுத்தார்கள். மணியன் தரையில் உட்கார்ந்து, பிள்ளையைப் போல, "எனக்க கை, எனக்க கை" என்று அழுதான்.

சாயக்கடைக்காரர் வாசலிலேயே நின்றார். கிளாஸைத் துடைத்தபடி, சத்தம் உயர்த்தாமல் சொன்னார்: "சுகுமாரண்ணா, இந்தக் கம்பி அண்ணைக்கும் வண்டியில இருந்துதே. இறங்கியிருந்தா அண்ணைக்கே அடிச்சிருக்கலாமே."

யாரோ சிரித்தார்கள். அப்பா கம்பியைக் கீழே போட்டார். கூட்டத்தில் யூனிபார்மோடு நின்ற என்னை அப்போதுதான் பார்த்தார். "வா மக்கா, வீட்டுக்குப் போவலாம்" என்றார். நான் அவர் கையைப் பிடித்து நடந்தேன். போலீஸ் வந்து அவரைக் கூட்டிப் போனது வீட்டுக்கு வந்த பிறகுதான்.

இப்போது எல்லாம் தாசன் மாமனின் வாயில் இருந்தது. ஜாமீனில் வந்த அப்பா தினமும் ஆஸ்பத்திரிக்குப் போனார். கட்டிலருகே முக்காலியில் உட்கார்ந்திருப்பார், இருவரும் ஒன்றும் பேசமாட்டார்கள். ஒருவருக்கு முடியாது, மற்றவருக்கு வராது. பிலோமினா அக்கா தூக்குப் பாத்திரத்தில் மீன்சாறும் கஞ்சித் தெளிவும் கொண்டுவந்து, குழாய் வைத்து உறிஞ்சக் கொடுத்துவிட்டுப் போவார். தாடைக் கம்பியை எடுத்த மறுநாள் டிப்போவிலிருந்து விசாரணைக்கு ஆள் வந்தார். நானும் அம்மாவும் அன்று வார்டில் இருந்தோம். பள்ளி இல்லாத சனிக்கிழமை. அப்பா வாசலுக்கு வெளியே நின்றார். தம்பிமார் கட்டிலின் இரு பக்கமும். பிலோமினா அக்கா கால்மாட்டில், பாத்திரத்தை மார்போடு அணைத்தபடி.

"வண்டிக்கு மணி கொடுத்தது யாரு?" என்று கேட்டார் வந்தவர்.

தாசன் மாமனின் முகம் ஒரு பக்கம் கோணியிருந்தது. சொல் ஒவ்வொன்றாக வந்தது. "நானாக்கும்."

"நீங்க தரையில கிடந்ததா எல்லாரும் சொல்றாங்களே?"

"இழுத்துப் போடியதுக்கு முன்ன கயறு கைக்கு எட்டிச்சு. ரெண்டு குடுத்தேன். அவன் எடுத்தான்." மூச்சு வாங்கினார். "கண்டக்டர் மணி குடுத்தா டிரைவர் எடுப்பான். பின்ன என்ன செய்வான், பாட்டு படிப்பானா?"

மூத்த தம்பி ஏதோ சொல்ல வாயெடுத்தான். "நீ மிண்டாத இருலே" என்றார் தாசன் மாமன். பிலோமினா அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். வாசலில் நின்ற அப்பா உள்ளே வரவில்லை. நான் எட்டிப் பார்த்தபோது வராந்தாவின் கடைசித் தூணருகே, எங்களுக்கு முதுகு காட்டி நின்றார்.

அந்த ஒரு வாக்குமூலத்தில் சஸ்பென்ஷன் போயிற்று, 'ஓட்டம்' என்ற பெயரும் போயிற்று. தாசன் மேல் விழுந்த அடிக்கான வழக்கையும் மணியன் கைக்கான வழக்கையும் இரு தரப்பும் சேர்ந்து ராஜியாக்கிக்கொண்டார்கள். மணியனின் வலது கை பிறகு ஸ்டியரிங்கைப் பிடிக்கவில்லை. ட்ரெக்கரை விற்றான். சில வருஷங்களுக்குப் பிறகு ஒருநாள் அவன் எங்கள் வண்டியிலேயே பயணியாக ஏறினான். இடக்கையால் கம்பியைப் பிடித்து நின்றான். தாசன் மாமன் அவன் சொல்லும் முன்பே உதியன்குளங்கரைக்கு ஒரு சீட்டைக் கிழித்து, அவன் சட்டைப்பையில் செருகிவிட்டு, அடுத்த ஆளிடம் போனார்.

அப்பாவும் தாசன் மாமனும் பிறகும் அதே வண்டியில்தான் ஓடினார்கள், அப்பா ஓய்வு பெறும்வரை. ஒரு மாற்றம் மட்டும். இரட்டை மணி கேட்டாலும் அப்பா உடனே எடுக்கமாட்டார். சீட்டில் முழுவதுமாகத் திரும்பி, நெரிசலுக்குமேல் எக்கி, பின்கோடியில் தாசன் மாமனின் முகத்தைப் பார்ப்பார். அவர் கையைத் தூக்கிக் காட்டினால்தான் வண்டி நகரும். ஒவ்வொரு நிறுத்தத்திலும். புதிதாக ஏறுகிறவர்கள் சலித்துக்கொள்வார்கள். "இந்த அண்ணனுக்குக் கழுத்தில என்ன, திருகாணியா?" என்று கல்லூரிப் பிள்ளைகள் கிண்டல் செய்வார்கள். வண்டி எப்போதும் தாமதம். டிப்போ விளக்கம் கேட்டது, அப்பா திரும்பிப் பார்ப்பதை விடவில்லை.

சென்ற மாதம் நான் பொழியூருக்குப் போனேன். இந்தப் பக்கத்துப் பஸ் வழிகளைப் பற்றிக் கிடைப்பதையெல்லாம் சேர்த்து வைக்கும் பழக்கம் எனக்கு உண்டு; தாசன் மாமனிடம் சில விவரங்கள் சரிபார்க்க வேண்டியிருந்தது. ட்ரெக்கர் என்ற சொல்லே இப்போது யாருக்கும் தெரியவில்லை. ஆட்டோவும் ஸ்கூட்டரும் அந்த இடத்துக்கு வந்துவிட்டன. செம்மண்விளை முக்கில் மொபைல் கடையும் பேக்கரியும். பஸ்ஸில் கூரைக் கயிறு இல்லை. ஒரு பொத்தான், அதை யார் அழுத்தினாலும் ஒரே சத்தம். கண்டக்டர் கையில் ராக்கு இல்லை, சீட்டு துப்பும் சின்ன இயந்திரம். முன்பு வண்டி திரும்பும் மணல் திடலைக் கடல் கொண்டுபோய்விட்டது. அதற்கு முன்னாலேயே திருப்பிவிடுகிறார்கள். மீதித் தூரம் நடந்தேன்.

தாசன் மாமன் வலைக்கூடத்தின் நிழலில் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தார். தாடை இன்னும் ஒரு பக்கம் கோணல்தான். எனக்கு வேண்டியதையெல்லாம் சொன்னார். கடைசியாக நான் சொன்னேன், "மாமா, அண்ணைக்கு மணி குடுத்தது பிலோமினா அக்கா. எனக்க தோளில கை வச்சாக்கும் எம்பினாங்க."

அவர் சிரித்தார். "அவ போய்ச் சேந்தாச்சு. இனி எழுதினா எழுது." பிறகு சிரிப்பை நிறுத்தினார். "ஆனா இதையும் கூட எழுதணும் கேட்டியா. வண்டி எடுத்தப்பம் நான் தரையில கிடந்து கையைத் தூக்கிக் காட்டினேன். போ, போண்ணு. உள்ள பிள்ளைய இருந்துதில்லியா. ஒனக்க அப்பன் கேட்டா சொல்லு."

இத்தனை வருஷம் எனக்குத் தெரியாமல் இருந்த செய்தி அது. திரும்பும் வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். எண்பதைத் தொடப்போகும் அப்பாவுக்கு இதைவிட நல்லதாக எதைக் கொண்டுபோக முடியும்?

அப்பா முன்னறையில் டிவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டுக் கேட்டார். "தாசன் எப்படி இருக்கியான்?"

"நல்லா இருக்காரு. அப்பா, ஒரு காரியம் சொல்லச் சொன்னாரு. அண்ணைக்கு நீங்க வண்டி எடுத்தப்பம், போ போண்ணு கை காட்டினாராம்."

அப்பா டிவியின் பக்கம் திரும்பினார். டிவியில் யாரோ சத்தமில்லாமல் வாயசைத்துக்கொண்டிருந்தார்கள்.

"இடது பக்கக் கண்ணாடியில நான் பாத்தேன் மக்கா" என்றார். "அவன் கை காட்டினது நில்லுண்ணாக்கும்."

நான் அவர் அருகே உட்கார்ந்தேன்.

"நான் பாத்தது அவனுக்கும் தெரியும். அவனுக்க கண்ணும் அந்தக் கண்ணாடியிலதான் இருந்துது."